மூன்று பேருக்கு மூன்று ரகசியம்

அரசியல் அறிவியல் துறையின் மூத்த விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் வாக்குச்சாவடி. சும்மா வைக்கவில்லை. துறை அறைக்குள் யார் தலையை நீட்டினாலும், "நீ யாரு, எந்த வருஷம், எதுக்கு வந்த, அடையாள அட்டை எங்க?" என்று கேட்டு, அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் இரண்டு தரம் ஒத்துப் பார்த்த பிறகுதான் மேடம் உள்ளே விடுவார். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் அதே கேள்வி, மூன்று வருடம் அவரிடமே படித்து முடித்துச் சான்றிதழ் வாங்க வந்தவனுக்கும் அதே கேள்வி. விரலில் மை வைக்காததுதான் பாக்கி.

இந்தப் பெயர் மேடத்தின் காதிலும் விழுந்திருந்தது. கோபப்படவில்லை. யார் வைத்தது என்று மட்டும் நான்கு மாதம் விசாரித்தார்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருட சர்வீஸ். கணவர் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். வீடு வீடாகப் போகிற வேலை என்பதால், தெருவில் இருக்கும் எல்லா நாய்களோடும் சமாதானமாகப் போகப் பழகியவர், மனைவியோடும் அப்படியே. "காலைல பால் பாக்கெட் இடம் மாறி இருந்துச்சுங்க. யாரோ எடுத்துப் பார்த்திருக்காங்க" என்று மேடம் சொன்னால், "பார்த்துட்டுத் திரும்ப வெச்சுட்டுப் போயிருக்காங்கல்ல, நல்லவங்கதான்" என்பார். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேடம் பிறந்ததிலிருந்தே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பெண். அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. சாக்பீஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும். அப்போது துறையில் இருந்த ஒரு சீனியர் தானாக வந்து ஒட்டிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டாள், எந்த வகுப்பில் மின்விசிறி சுற்றும், எதில் சுற்றாது என்று சொல்லிக்கொடுத்தாள். மேடமும் அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றினார். ஒரு மத்தியானம், நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரு பெரிய மனிதரின் மகனுக்கு விடைத்தாளில் இல்லாத மதிப்பெண் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று அக்காவின் காதில் போட்டார். நான்காம் நாள் மெமோ வந்தது. பணி நிரந்தரம் மூன்று வருடம் தள்ளிப்போனது. அதே அக்கா மேடத்தின் கல்யாணத்துக்கு வந்து, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் போனாள்.

அன்றோடு முடிந்தது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள். மேடம் பகலிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். யாராவது சிரித்துக்கொண்டே கிட்டே வந்தால் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

துறைத் தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். எந்த வேலை வந்தாலும், "அதான் மேடம் இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். புதிய விரிவுரையாளர்களுக்கு மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று கல்லூரி உத்தரவு போட்டபோதும் அதையேதான் சொன்னார். மற்றவர்கள் வேண்டாத வேலை என்று நழுவ, மேடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்களை வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

குறை சொல்லக் கூடாது, பயிற்சியை ஒழுங்காகத்தான் நடத்தினார். வருகைப் பதிவேடு, பாட முன்னேற்றப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு என்று மூன்றையும் விரித்துவைத்து ஒவ்வொரு கட்டத்தையும் காட்டுவார். வினாத்தாளை எப்படி உறையில் போட்டு ஒட்டுவது, ஒட்டிய இடத்தின் மேல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று செய்து காட்டுவார். பிறகு முக்கியமான பாடம் ஒன்று.

"வகுப்புல ஒருத்தன் எழுந்திருச்சு, 'நீங்க எந்தக் கட்சி?'ன்னு கேப்பான். வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் கேப்பான். பாடத்திட்டக் கட்சின்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுங்க. யாரையாவது திட்டியே ஆகணும்னு தோணுச்சுன்னா, செத்து இருநூறு வருஷம் ஆனவங்களாப் பார்த்துத் திட்டுங்க. அவங்கதான் மனு எழுதிப் போட மாட்டாங்க."

காகிதங்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். துறையின் நீள்வட்ட முத்திரை அவர் மேசை டிராயரில் பூட்டி இருக்கும், சாவி கைப்பையில். முத்திரை விழாத காகிதம் துறையை விட்டு வெளியே போகாது. முத்திரை விழுந்தது வலப்பக்கக் கம்பித் தட்டுக்குப் போகும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அலுவலக உதவியாளர் வந்து, தட்டில் இருப்பதை அப்படியே அள்ளிக்கொண்டு முதல்வர் அலுவலகத்துக்குப் போவார். எதையும் படிக்கக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தது மேடம்தான். அவரும் பன்னிரண்டு வருடமாகப் படித்ததில்லை, கேட்டதில்லை.

இந்த வருடம் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் தற்காலிகம். பயிற்சியின் முடிவில் மேடம் ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதுவார். சரி என்று எழுதியவரை வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று எழுதியவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது மூவருக்கும் தெரியும். அதனால் மேடம் தும்மினால் மூன்று கைக்குட்டைகள் நீண்டன.

வீட்டில் கணவரிடம் பேசும்போது யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது மேடத்தின் விதி. சுவருக்கும் காது உண்டு. அவர்கள் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வேறு. அதனால் மூவருக்கும் பட்டப்பெயர் வைத்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்து, கதவில் இடித்துக்கொள்ளாமல் நுழையத் தெரியாதவர் நெட்டை. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற இளைஞர் சிரிப்பு. மூன்றாவதாக வந்த பெண் எதைச் சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜன்னல் கொக்கி லூஸாக இருக்கிறது என்று சொன்னால்கூட எழுதினாள். அவளுக்கு வைத்த பெயர் நோட்டு.

நோட்டு முன்பு வேலை பார்த்த கல்லூரியில் துறையையே மூடிவிட்டார்கள். பதினாறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். கணவர் வேறு ஊரில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருவார். நான்கு வயதுப் பெண் குழந்தையை இந்த வேலையை நம்பித்தான் கல்லூரிக்கு எதிர்த்த பள்ளியில் சேர்த்திருந்தாள். இவ்வளவும் மேடம் முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டது.

"எல்லாத்தையும் எழுதுறாங்க. யாருக்கு எழுதுறாங்க?" என்று அன்று சாயங்காலமே கணவரிடம் ஆரம்பித்தார்.

"மறந்துடக் கூடாதுன்னு எழுதும். சின்னப் பொண்ணுதானே."

"மறந்துபோறவங்க ஒண்ணு ரெண்டு எழுதுவாங்க. இது ஒண்ணு விடாம எழுதுது."

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, துறை அறையில் மூன்று புதியவர்களும் இருக்கும்போது, மாணவர் பேரவைத் தேர்தலை இந்த வருடம் நம் துறையே ஏற்று நடத்தினால் என்ன என்று ஒரு பேச்சு வந்தது. வாக்குச்சீட்டு அச்சடிப்பது, பெட்டி வைப்பது, எண்ணுவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பேச்சோடு சரி, எழுத்தில் எதுவும் இல்லை. புதன்கிழமை துறைத் தலைவர் முதல்வரைப் பார்த்துவிட்டு வந்து, "தேர்தல் கீர்தல் எல்லாம் இப்ப வேணாம்னுட்டாரு மேடம்" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே டீ குடிக்கப் போனார்.

மேடம் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல்வருக்கு எப்படித் தெரிந்தது? பழைய ஆட்கள் இருபது வருடமாக இருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சொல்வதாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்கள். புதிதாக வந்தது மூன்று பேர். அவர்களில் ஒருவர் இங்கே கேட்பதை அங்கே கொண்டு போகிறார். துறைத் தலைவரையே கூப்பிட்டு, எப்படித் தெரிந்ததாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது மேடத்தின் வழி இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம்.

அவர் வழி வேறு. மூன்று பேரிடமும் தனித்தனியாக, உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்று, மூன்று வேறு வேறு பொய்களைச் சொல்வது. எது முதல்வர் அறையிலிருந்து திரும்பி வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் ஆள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே முறையில் ஒருவர் சிக்கினார். அவரைப் பற்றி வேண்டாம் என்று எழுதினார், அவரும் போனார். கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, மேடத்திடம் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மேடம் அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்.

நெட்டையிடம், துறைத் தலைவர் பக்கத்து ஊரில் இருக்கும் வேறு கல்லூரிக்குப் போகப் பார்க்கிறார் என்றார். சிரிப்பிடம், தேர்வுக் குழுவின் மேல் அவர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றார். நோட்டை வினாத்தாள் அலமாரி இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேம்மா. மனசோட வெச்சுக்கங்க. சாருக்கு உடம்பு சரியில்ல. மூணு மாசம் லீவுல போறாரு. யாருக்கும் தெரியாது."

நோட்டு கையில் இருந்த நோட்டை மூடினாள். "கடவுளே. முகத்துல ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்றாள். கண் கலங்கிய மாதிரி இருந்தது.

இத்தனை நாள் மூடாத நோட்டை இப்போது ஏன் மூடினாள் என்று மேடம் யோசித்தார். கண் வேறு கலங்குகிறது. முந்தாநாள் அறிமுகமான மனிதருக்காக யார் கண் கலங்குவார்கள்? அந்த அக்காவும் இப்படித்தான், மேடத்துக்கு மெமோ வந்த அன்று எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

மறுநாள் நோட்டு தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "மேடம், சார் லீவுல போனா அவர் பேப்பரை யாரு எடுப்பாங்க? மூணாம் வருஷப் பசங்க பாவம்."

தூண்டில் போடுகிறாள் என்று மேடத்துக்குத் தோன்றியது. பொய் என்றாலும் அது நிற்க நான்கு கால் வேண்டுமே. அன்றைக்கே உட்கார்ந்து, துறைத் தலைவரின் வகுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்துப் போட்டு, தன் கையாலேயே ஒரு கால அட்டவணை எழுதினார். தலைப்பில் துறைத் தலைவரின் மூன்று மாத மருத்துவ விடுப்புக் காலத்துக்கு உரியது என்று எழுதி அடிக்கோடும் போட்டார். எழுத ஆரம்பித்தால் கோணல் இல்லாமல் எழுத வேண்டும் அவருக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு நோட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, தன் பெயருக்கு நேரே இருந்த இரண்டு வகுப்புகளுக்கும் இப்போதிருந்தே படிக்க ஆரம்பிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன கையோடு, பஸ் பாஸுக்கும் வங்கிக்கும் சான்றிதழ் வேண்டும் என்று பதினைந்து மாணவர்கள் வந்து மேசையை மொய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவனின் முகத்தையும் அட்டையையும் ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்புவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. அலுவலக உதவியாளர் வந்தார், தட்டில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மேடம், எனக்கு உடம்புக்கு என்னன்னு பிரின்சிபால் கேக்குறாரு. மூணு மாசம் லீவாமே? எனக்கே தெரியாம எனக்கு என்ன வியாதி?"

மேடம் எதுவும் தெரியாதவர் போல, "யாரோ உளறியிருப்பாங்க சார்" என்றார். உள்ளுக்குள் ஒரு பக்கம், பிடித்துவிட்டோம் என்று இருந்தது. இன்னொரு பக்கம் வலித்தது. அந்தப் பெண் பயிற்சி வகுப்பு எடுத்தபோது, கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததை மேடம் பார்த்திருந்தார். எதிர்த்த பள்ளி விட்டதும் குழந்தையைக் கூட்டிவந்து, சத்தம் போடாமல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள். பிடிக்காத பெண் இல்லை. அதனாலேயே மேடத்துக்கு ஆத்திரம் கூடியது. பிடித்துப்போகிறவர்கள்தானே கழுத்தை அறுக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் கணவர்.

"கேட்டா உண்மையச் சொல்லுவாளா?"

"சொல்லலாம்ல."

"உங்க வேலை சுலபம். மீட்டர்ல ஓடியிருக்கறதப் பார்த்து எழுதிட்டு வந்துடுறீங்க. மீட்டர் பொய் சொல்லாது."

"மீட்டர் ஓடுச்சுன்னா அந்த வீட்டுக்காரந்தான் தண்ணியச் செலவு பண்ணினான்னு அர்த்தமில்லம்மா. எங்கயாவது குழாய் ஒழுகலாம். நான் ஒரு தடவ கதவத் தட்டிக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன்."

"நீங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நெட்டை சரி. சிரிப்பு சரி, சிரிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பெயருக்குக் கீழே, பாடம் நடத்தும் திறமை உண்டு, ஆனால் துறையின் இரகசியங்களைக் காக்கும் பண்பு இல்லை, பணியைத் தொடரப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதினார். சனிக்கிழமை முத்திரை குத்தி, தட்டில் போட்டார்.

அடுத்த புதன்கிழமை, பருவத்தின் கால அட்டவணையைக் கொடுக்க முதல்வர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"மேடம், அப்ப முன்னாடி அனுப்புனீங்களே, அந்த அட்டவணை ரத்தா? நான் அதைத்தான் ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்."

"எந்த அட்டவணை?"

எழுத்தர் கோப்பைப் புரட்டிக் காட்டினார். மேடத்தின் கையெழுத்து. துறைத் தலைவரின் மூன்று மாத மருத்துவ விடுப்புக் காலத்துக்கு உரியது, அடிக்கோட்டோடு. வலது கீழ் மூலையில் துறை முத்திரை, மை திட்டாமல், கோணாமல், அவர் குத்துகிற மாதிரியே நேராக. ஓரத்தில் முதல்வரின் பச்சை மை: இவருக்கு என்ன உடம்பு, விசாரிக்கவும்.

மேடம் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் குத்தியிருப்பார்கள் என்றுதான் முதலில் மனம் ஓடியது. டிராயர் பூட்டு அவருடையது, சாவி அவர் கைப்பையில். அந்த வியாழக்கிழமை மத்தியானம், பதினைந்து சான்றிதழ்களுக்கு நடுவே கை தன் பாட்டுக்குக் குத்திக்கொண்டே போனது நினைவுக்கு வந்தது. குத்தியதை வலப்பக்கம் தள்ளுவதும் அந்தக் கைக்குப் பழக்கம்தான். மாணவன் ஒவ்வொருவனின் முகத்தையும் இரண்டு தரம் பார்த்தவர், காகிதத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சந்தேகப்பட வேறு ஆள் இல்லாமல் நின்றார்.

இருந்தாலும் பழகின மனம் விடுமா? "இதைத் தவிர வேற யாராவது வந்து சாரோட லீவு பத்திச் சொன்னாங்களா? எங்க புது ஆளுங்க யாராவது?" என்று கேட்டார்.

"யாரும் வரல மேடம். இதப் பார்த்துட்டுத்தான் பிரின்சிபால் பேனாவ எடுத்தாரு. உங்க புது ஆளுங்களா? அதுல ஒரு பொண்ண நாளையோட நிறுத்தறோம்ல, ஆர்டர் டைப் ஆகிடுச்சு. உங்க ரிப்போர்ட்தானே."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதுவாவது தன் தலையில் போட்டுக்கொள்கிறது. மேடம் வாரிய மண் அடுத்தவள் தலையில் விழுந்திருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் சொல்லிக்கொள்ளாமல் போனவரின் முகம் திடீரென்று கண்ணுக்குள் வந்தது. அப்போது என்ன பொய் சொன்னோம், அதற்காகவும் ஏதாவது எழுதினோமா, எதில் முத்திரை குத்தினோம், எதுவும் நினைவில்லை. அந்த மனிதரை இனி எங்கே போய்த் தேடுவது?

துறை அறைக்குத் திரும்பி, ஒரு தாளில் என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், சரிபார்த்ததில் பிழை நேர்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு முதல்வரிடம் போனார். முதல்வர் அதிகம் பேசாதவர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். அந்த விஷயத்தில் மேடத்துக்கு அவரைப் பிடிக்கும்.

"என்ன பிழை மேடம்? போன வாரம் இரகசியம் காக்க மாட்டாங்கன்னு எழுதுனீங்க. இந்த வாரம் காப்பாங்களா?"

"என் கவனக்குறைவு சார்."

"அது என்ன கவனக்குறைவுன்னு எழுதணும். சும்மா வாபஸ்னா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. காரணம் இல்லன்னா முதல் அறிக்கையே இருக்கட்டும்."

மேடம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேசாமல் எழுந்து வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்குக்கூட ஏன் போனோம் என்று தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தார், அதை மறைப்பானேன். பிறகு, எதிர்த்த பள்ளியில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. குழந்தைகளை விடும் நேரம். மேடம் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று பேரையும், மூன்று பொய்களையும், அட்டவணையையும்.

முதல்வர் பேனாவைத் திருகி மூடினார். "இத எழுத்துல குடுங்க. ஆர்டர நிறுத்திடறேன். ஆனா இது அவங்க மூணு பேரைப் பத்தின விஷயம். துறைக் கூட்டத்துல அவங்க முன்னாடி நீங்களே படிக்கணும். பயிற்சி வேலையையும் இனி வேற யாராவது பார்க்கட்டும்."

மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம். மேடம் எழுந்து நின்று படித்தார். எந்த மாணவன் பெயர் வைத்தான் என்று நான்கு மாதம் தேடியவர், இன்று தன் மேல் தானே குற்றப்பத்திரிகை வாசித்தார். தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்தே படித்தார்.

நெட்டை முதலில் வாய் திறந்தார். "அப்ப சார் வேற காலேஜுக்குப் போகலையா மேடம்? என் மச்சான அந்தக் காலேஜ்ல போய் விசாரிச்சு வரச் சொல்லியிருந்தேனே." சிரிப்பு பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

துறைத் தலைவர்தான் உண்மையாகவே குழம்பிப்போனார். "இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"தேர்தல் விஷயம் பிரின்சிபாலுக்குப் போயிருந்துச்சு சார். இவங்க மூணு பேர்ல யாரோ சொல்லிட்டாங்கன்னு..."

"அத நான்தானே சொன்னேன். டீ குடிக்கும்போது பேச்சு வந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

 மேடத்துக்கு உட்காரவும் தோன்றவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தத்தம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்கள். அவர்களில் சிலர் போகிற போக்கில் மேடத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள், எங்களிடம் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாயோ என்கிற மாதிரி. அப்படிப் பார்த்ததில் தப்பும் இல்லை.

கடைசியில் நோட்டு மட்டும் நின்றாள். கோபமாகக் கத்துவாள் என்று மேடம் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"ஆர்டர நிறுத்திட்டதா ஆபீஸ்ல சொன்னாங்க மேடம். நன்றி."

"எனக்கு எதுக்கும்மா நன்றி. உங்க வேலைக்கு நான்தானே உலை வெச்சேன்."

அவள் மேசை மேல் கிடந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சாரோட லீவு விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. எழுதுனா யாராவது பார்த்துடுவாங்கன்னு நோட்டுல எழுதல. இங்க வந்ததுல இருந்து எல்லாருமே எங்களத் தள்ளி நின்னுதான் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பி ஒண்ணு சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

மேடம் வாயைத் திறந்தார். மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் திறந்தார். சொன்னாலும் அவள் இனி நம்ப வேண்டியதில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"மூணாம் வருஷத்துக்கு நேரமாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு நோட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனாள்.

வாக்குச்சாவடி மேடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. சான்றிதழ் கேட்டு வந்த ஒரு மாணவன் அடையாள அட்டையை நீட்டியபடி வாசலில் நின்றான். மேடம் அவன் முன்னாலேயே அழுதார்.